‘தருவார்கள்’ என்று எழுதியது நான்தான்

என் பத்மா மச்சாள்,

நீங்கள் போய்ப் பதினொரு மாதமாகிவிட்டது. வெள்ளவத்தை வீட்டில் உங்கள் அறைக் கதவை நாங்கள் இன்னும் முழுதாகச் சாத்துவதில்லை. உங்கள் தம்பி காலையில் அந்தப் பக்கம் வரும்போது நடையைக் கொஞ்சம் குறைக்கிறார். பிறகு ஒன்றும் நடக்காதது போல சப்பாத்துப் போடப் போய்விடுகிறார். நானும் பார்க்காதது போல இருந்துவிடுவேன்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதி மேசை லாச்சிக்குள் வைத்திருக்கலாம். முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் செய்த பிழை எல்லோரும் பார்க்கச் சுவரில் ஒட்டப்பட்ட பிழை. அதைத் திருத்துவதும் எல்லோரும் வாசிக்கத்தான் இருக்க வேண்டும். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள் என்பதால் சில விஷயங்களை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வேலைக்குத் தமிழில் ஒழுங்கான பெயர் இருக்கவில்லை. ஆராவது கேட்டால் "கூட்டம் நடத்துறன்" என்பீர்கள். உடனே "எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். நீங்கள் சிரிப்பீர்கள். ஓரிடத்துச் சனத்துக்கு ஒரு திட்டம் வரப்போகிறது என்றால், அந்தச் சனத்தை வட்டமாக உட்காரவைத்து, தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதைத் திட்டம் போடுகிறவர்களின் மேசைவரை கொண்டுபோவதுதான் அந்த வேலை. கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு உங்கள் குரல் ஞாபகம் இருக்கக் கூடாது, பக்கத்தில் இருந்தவரின் குரல்தான் ஞாபகம் இருக்க வேண்டும் என்பீர்கள்.

நான் வேலை பார்த்த இடம் மூடப்பட்டு, மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே கிடந்தபோது நீங்கள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். "சும்மா இருந்து யோசிச்சுக்கொண்டிருக்காதேயும், சுகந்தி. உமக்கு வடிவான எழுத்து. சிங்களமும் நல்லா வரும். வந்து எனக்குத் தாளில எழுதித் தாரும்." கணவனின் அக்கா என்கிற உறவு அன்றோடு மறந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு நாம் இரண்டு சிநேகிதிகள், ஒரு சுருள் பழுப்புத் தாளையும் ஒரு பை மாக்கர் பேனைகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள்.

எனக்கு நீங்கள் சொன்ன விதி ஒன்றுதான். "சொன்னவற்ற வாயில வந்த சொல்லை எழுதும். உம்மட சொல்லை எழுதாதேயும். எழுதி முடிஞ்சதும் வாசிச்சுக் காட்டும். சொன்ன ஆள் 'ஓம், நான் இதைத்தான் சொன்னனான்' எண்டு தலையாட்டினாப் பிறகுதான் அது கூட்டத்தின்ர தாள்."

குழாயடித் தோட்டத்துக்கு நாம் போனது அப்படித்தான். கொழும்பு தெரியாதவர்களுக்காக: ஜிந்துப்பிட்டிப் பக்கத்தில் தோட்டம் என்றால் செடிகொடி இல்லை. ஓர் ஆள் போனால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகளும், அவற்றின் இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகளும். நாற்பத்தொரு வீடுகளுக்கு இரண்டு தண்ணீர்க் குழாய். மலையகத்திலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகள், சில கத்தோலிக்கக் குடும்பங்கள், மூன்று முஸ்லிம் வீடு, இரண்டு சிங்கள வீடு. அந்தக் காணியை எடுத்துக்கொண்டு, சனத்தை மட்டக்குளிப் பக்கம் ஒரு தொடர்மாடிக்கு அனுப்ப இருந்தார்கள். அதற்கு முன் மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று, திட்டத்தை நடத்திய அரசாங்கக் காரியாலயம் உங்களைக் கூப்பிட்டது.

அங்கே பொறுப்பாக இருந்த உத்தியோகத்தரிடம் நீங்கள் முதல் நாளே சிங்களத்தில் கேட்டீர்கள். "ஐயா, ஏற்கெனவே முடிவானது எது, இன்னும் முடிவாகாதது எது? முடிவாகாததைப் பற்றி மட்டும்தான் நான் சனத்தைக் கேட்பன்." நானும் பக்கத்தில் இருந்தேன். போவது முடிவு, எப்படிக் குடியிருத்துவது என்பது இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றார். நீங்கள் நம்பினீர்கள். இரண்டு தரம் கேட்டுவிட்டு நம்பினீர்கள்.

முதல் இரண்டு வாரம் தாளும் இல்லை, பேனையும் இல்லை. குழாயடியில் பெண்களோடு வரிசையில் நின்றோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒழுங்கையின் சீமெந்துத் தரையில் வெண்கட்டியால் தோட்டத்தின் வரைபடம் கீறச் சொன்னீர்கள். ஆண்கள் தனியே, பெண்கள் தனியே. ஆண்களின் படத்தில் பெரிய ரோட்டும், கோயிலும், சங்க அலுவலகமும் பெரிதாக வந்தன. பெண்களின் படத்தில் கழிவறை வரிசையும், வெளிச்சம் இல்லாத மூலையும், ஆர் வீட்டில் ஆர் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்கிற கோடுகளும் வந்தன. அந்தக் கோடுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி வலை மாதிரிக் கிடந்தன. இரண்டு படத்தையும் சுற்றி நின்று பார்த்தபோது ஆண்கள் பேசாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறதா?

மற்றவர்களைக் கதைக்கவே விடாத தோட்டத்துச் சங்கச் செயலாளரை என்ன செய்தீர்கள்! அவர் கையில் உங்கள் மணிக்கூட்டைக் கொடுத்து, "அண்ணை, ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். நீங்கள்தான் பாக்க வேணும்" என்றீர்கள். மனிதர் அன்று முழுக்கத் தன் பேச்சையும் மறந்து மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சிரித்தோம்.

சரோஜாவைக் கதைக்கவைத்ததும் அப்படித்தான். இடியப்பம் அவித்து விற்கிறவள். துறைமுகத்தில் வேலை செய்த அவளுடைய புருஷன் மாரிமுத்துவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோயிருந்தது. அவள் மூன்று கூட்டத்துக்கு வந்தும் வாயே திறக்கவில்லை. நாலாவது கூட்டத்தில், "முதல்ல பக்கத்தில இருக்கிற ஆளோட மட்டும் கதையுங்கோ. பிறகு அந்த ஆள் உங்களுக்காகச் சொல்லட்டும்" என்றீர்கள். அவள் சொன்னதைப் பக்கத்து வீட்டு லூர்து எழும்பிச் சொன்னாள். "சரோஜா என்ன சொல்றான்னா, அவ புருஷனால படி ஏற முடியாது. வாசல்ல ஒக்கார வச்சாத்தான் அவரு மனுஷனா இருக்காரு, போறவங்க வர்றவங்க பேசிட்டுப் போறாங்க. மேல கொண்டுபோய் வச்சா அவரு செத்துருவாருன்னு சொல்றா."

அன்று ஒவ்வொருவர் கையிலும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்தோம். அவர்கள் கேட்டவற்றை ஒவ்வொன்றாக எழுதிச் சுவரோரம் வரிசையாக வைத்த அட்டைகளில், தங்களுக்கு எது முக்கியமோ அதன்மேல் போடச் சொன்னோம். இரண்டு அட்டைகளில்தான் கொட்டைகள் குவிந்தன. ஏற முடியாதவர்களுக்குத் தரைத் தளம். தோட்டத்துச் சனம் பிரியாமல் பக்கம் பக்கமாக வீடு. மாரிமுத்துவைக் கதிரையில் தூக்கி வந்திருந்தார்கள். அவர் நல்ல கையால் ஐந்து கொட்டையையும் இரண்டாவது அட்டையில் போட்டார். தனக்கான அட்டையில் ஒன்றுகூடப் போடவில்லை.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கடைசிக் கூட்டம். உத்தியோகத்தர் பதில் சொல்ல வந்த நாள். காலை ஒன்பது மணியிலிருந்து சனம் மண்டபத்தில் காத்திருந்தது, அவர் வந்தபோது பதினொன்றரை. மழை தகரக் கூரையில் கொட்டுகிறது, பக்கத்தில் இருப்பவர் கதைப்பதே கேட்கவில்லை. குப்பை எடுப்பது, மின்சார மீற்றர், தண்ணீர் எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் பதில் சொன்னார், தமிழில் எழுதினேன். அந்த நேரம் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று ஒரு பெண் வாசலில் அழுதுகொண்டு நின்றாள். நீங்கள் அவளிடம் போய்விட்டீர்கள்.

அவர் கோப்பை மூடிக்கொண்டு எழும்பினார். நான் மேசைக்கு ஓடிப்போய்ச் சிங்களத்தில் கேட்டேன், அந்த இரண்டு அட்டைக்கும் என்ன பதில் என்று. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே என் காதுப் பக்கம் குனிந்து சொன்னார், "சலகலா பலமு." யோசித்துப் பார்ப்போம். அவ்வளவுதான். அந்த மழையில் அது எனக்கு மட்டும்தான் கேட்டது.

நான் திரும்பி வந்து தாளில் எழுதினேன்: "தரைத் தளமும் பக்கத்து வீடுகளும் தருவார்கள்."

ஏன் எழுதினேன்? இரண்டு வருஷமாக இதை என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். யோசித்துப் பார்ப்போம் என்றால் செய்வார்கள் என்று நானே நம்பினேன் என்பது ஒரு பதில். மூன்று மணித்தியாலமாகப் பசியோடு இருந்த முகங்களுக்கு வெறுங்கையைக் காட்ட மனம் வரவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். ஆனால் அடியில் கிடப்பது வேறு. நல்ல செய்தியை வாசிக்கிற ஆளாக நான் இருக்க ஆசைப்பட்டேன். உரத்து வாசித்தேன். மழைச் சத்தத்தையும் மீறிக் கை தட்டினார்கள். சரோஜா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. கைதட்டல் தனக்கு என்று நினைத்து, சிரித்து, கும்பிட்டுவிட்டு வாகனத்தில் ஏறிவிட்டார். அவருக்கு நான் அதை வாசித்துக் காட்டவே இல்லை.

நீங்கள் திரும்பி வந்து தாளைப் பார்த்தீர்கள்.

"அவர் இப்பிடியே சொன்னவரோ?"

"ஓம்" என்றேன்.

அடுத்த கிழமை நாற்பத்தொரு வீட்டுக்காரரும் சம்மதக் கடிதத்தில் கையொப்பம் வைத்தார்கள். பொங்கலுக்கு முதல் வீடுகளை இடித்தார்கள். தொடர்மாடியில் வீடு கொடுத்தது சீட்டுக் குலுக்கி. வேறு ஆறேழு தோட்டத்துச் சனத்தோடு கலந்து, ஆளுக்கொரு மாடி. சரோஜாவுக்கு விழுந்தது ஏழாம் மாடி.

அவர்கள் நம் வீட்டுக்கு வந்த நாளை நான் மறக்கமாட்டேன். பன்னிரண்டு பேர். வெள்ளவத்தையில் நம் படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரையில் இருக்க மாட்டோம் என்று நின்றார்கள். சரோஜா தொலைபேசியை நீட்டினாள், அந்தத் தாளின் படம்.

"அம்மா, இதப் பாருங்க. தருவாங்கன்னு எழுதியிருக்கா, இல்லையா? நீங்க எழுதிக் குடுத்தத நம்பித்தானே கையெழுத்து வச்சோம். என் வீட்டுக்காரர நான் எப்படி ஏழாவது மாடிக்கு ஏத்தி எறக்குவேன்? லிப்ட் ஒரு நா ஓடுனா ரெண்டு நா நிக்குது."

நான் குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். நீங்கள் சொன்னீர்கள், "பிழை என்ர. நான் போய்க் கேட்கிறன்." அடுத்த நாள் போனீர்கள். அந்த உத்தியோகத்தர் தன் அறிக்கையைக் காட்டினார். மக்களின் வேண்டுகோள் பரிசீலிக்கப்படும் என்று சிங்களத்தில் எழுதியிருந்தது. கூடவே கட்டடத்தின் வரைபடத்தையும் காட்டினார். தரைத் தளம் முழுக்கக் கடைகளுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அது நாம் குழாயடியில் வரிசையில் நிற்பதற்கு முன்பே முடிவான படம்.

வீட்டுக்கு வந்து குசினிக்குள் இருந்தீர்கள். உடுப்பு மாற்றவில்லை.

"சுகந்தி, இதில இரும். அண்டைக்கு அவர் என்ன சொன்னவர்? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லும்."

"சலகலா பலமு எண்டவர்."

"நீர் என்ன எழுதினனீர்?"

நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

"நான் உம்மைக் கேட்டனான். ஓம் எண்டனீர்."

"ஓம் மச்சாள்."

அழுதேன். நீங்கள் என்னைத் தேற்றவில்லை. அதற்கு இன்றைக்கும் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்ததும் எழும்பி நெருப்பைக் குறைத்தீர்கள். சனத்திடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றீர்கள்.

"அவையள் என்ர கூட்டமெண்டு வந்தவை. என்ர கூட்டத்தில நடந்தது என்ர பிழை. எழுதின ஆளைக் காட்டிக் குடுத்திட்டு நான் தப்பினால், இனி ஆர் தாளை நம்புவினம்? விடும்."

அந்த இடத்தில் எனக்கு உண்டான உணர்ச்சியை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் பொய்தான். எனக்கு ஆறுதலாக இருந்தது, மச்சாள். அப்பாடா என்றிருந்தது. அன்று இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன்.

பிறகு நீங்கள் ஒவ்வொரு புதன்கிழமையும் அந்தக் காரியாலயத்துக்குப் போனீர்கள். வீடுகளை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மனு, மேலிடத்துக்கு மனு, அதற்கும் மேலே. சில நாள் மத்தியானம்வரை வாங்கில் இருத்திவிட்டு, ஐயா வெளியே போய்விட்டார் என்று அனுப்பினார்கள். தோட்டத்துச் சனம் உங்கள் தொலைபேசியை எடுக்காமல் விட்டது. அந்தக் கதை மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. கொட்டாஞ்சேனையில் நீங்கள் கூப்பிட்ட ஒரு கூட்டத்துக்கு நாலே பேர் வந்தார்கள், அதில் ஒரு மனிதர் முகத்துக்கு நேரே கேட்டார், "அம்மா, யார்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" நீங்கள் தாள்களைச் சுருட்டினீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அதுதான் உங்கள் கடைசிக் கூட்டம். பின்னேரங்களில் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கல்லில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கூப்பிட வந்தால் எழும்பி வருவீர்கள். என்மேல் ஒரு நாளும் கோபத்தைக் காட்டவில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் குறைந்துபோனது. ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுவிட்டுப் படுத்த நீங்கள் எழும்பவில்லை. இதயம் என்றார் டொக்டர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வேறு என்ன சொல்வார்?

மலர்ச்சாலையில் உங்கள் உடம்பை வைத்திருந்தபோது, குழாயடித் தோட்டத்திலிருந்து ஒரே ஓர் ஆள் வந்தது. சரோஜா. உள்ளே வரவில்லை. ரோட்டின் மறுபக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றாள். நான் வெளியே போனேன். "சாவுக்கு வராம இருக்க முடியல. ஆனா உள்ள வந்து பூப்போட மனசு வரல. தப்பா நினைக்காதீங்க" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

பரவாயில்லை! உங்கள் உடம்பு உள்ளே கிடக்கிறது, உங்கள்மேல் கோபத்தோடு ஒருத்தி வெளியே நிற்கிறாள், நடுவில் நின்ற நான் பரவாயில்லை என்கிறேன்.

மூன்று மாதத்துக்கு முன் அதே காரியாலயத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். புது உத்தியோகத்தர். இன்னொரு தோட்டம். "மிஸ், உங்களுக்கு அந்த முறை எல்லாம் தெரியும்தானே. அட்டை, தாள், வட்டமாக உட்காரவைப்பது. இரண்டு மணித்தியாலம் போதும். படம் மட்டும் நல்லா எடுத்துத் தாங்க" என்றார். வரைபடம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். முடிந்துவிட்டது என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அதைப் பெரிய காரியமாகச் சொல்ல வரவில்லை. வேறு ஆள் பிடித்து அந்தக் கூட்டத்தை நடத்திவிட்டார்கள். படத்தைப் பார்த்தேன். பெண்கள் கையில் நிறநிறமான அட்டைகளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். நீங்கள் இருபது வருஷமாக ஒவ்வொரு ஒழுங்கையாகக் கற்றுக்கொண்டது இன்று படம் பிடிக்கிற சாமானாகிவிட்டது. இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் எதையும் மறைக்கக் கூடாது என்றுதானே எழுத உட்கார்ந்தேன்.

அந்தப் படத்தைப் பார்த்த அடுத்த நாள் மட்டக்குளிக்குப் போனேன். லிப்ட் நின்றிருந்தது. ஏழு மாடி ஏறினேன். சரோஜா கதவைத் திறந்தாள். மாரிமுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார். அவர் படுக்கையிலிருந்து தெரிவது வானம் மட்டும்தான். இடியப்ப வியாபாரம் விட்டுப்போயிற்று என்றாள். விடிய ஏழு மாடி இறங்கித் தட்டோடு நின்றால், மேலே இவரைப் பார்க்க ஆள் இல்லை.

நின்றபடியே சொன்னேன். அவர் சொன்னது இது, நான் எழுதியது இது, பத்மா மச்சாளிடம் நான் பொய் சொன்னேன், அவ உங்களிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்ததும் ஏதோ நடக்கும் என்று நினைத்தேன். அறைவாள், கத்துவாள், குறைந்தபட்சம் வெளியே போகச் சொல்வாள்.

அவள் தரையைப் பார்த்தாள். "எழுதினது நீங்களோ அவங்களோ, ஏறுறது நாங்கதானே" என்றாள்.

பிறகு, "வியாழக்கிழம இவருக்கு கிளினிக். போன மாசமும் கொண்டுபோக முடியல. தூக்க ஆளில்ல. வந்து ஒரு பக்கம் பிடிப்பீங்களா?" என்று கேட்டாள்.

உங்கள் தம்பியையும் கூட்டிப் போனேன். உங்கள் கூட்டங்களை எப்போதும் கேலி செய்தவர், ஒன்றுக்கும் வராதவர், லீவு போட்டுவிட்டு வந்தார். மாரிமுத்துவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் வைத்துச் சேலையால் கட்டினோம். நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆளுக்காக ஏழாம் மாடியில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். எல்லோரும் வேறு வேறு தோட்டத்தவர்கள், சரோஜாவின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தில் அவள் ஒரு குரல் கொடுத்திருந்தால் பத்துப் பேர் வந்து நின்றிருப்பார்கள். பெண்கள் தரையில் கீறிய அந்தக் கோடுகள், மச்சாள். ஒன்றுகூட மிச்சமில்லை. கடைசியில் ஆறாம் மாடியிலிருந்து ஒரு சிங்கள மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கதிரையின் ஒரு காலைப் பிடித்தார்.

ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். மூன்றாம் மாடியில் என் கை நழுவிக் கதிரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. மாரிமுத்து நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்த பயத்தைப் பார்த்தேன். "மெதுவா, தங்கச்சி" என்று குழறலாகச் சொன்னார். அவருக்கு நான் செய்தது தெரியுமா என்று தெரியவில்லை. கீழே வந்து ஓட்டோவில் ஏற்றும்போது, ரோட்டில் போகிற ஒவ்வொருவரையும் அவர் பார்த்தார். ஒருவரையும் அடையாளம் தெரியவில்லை. கிளினிக் முடிந்ததும் மறுபடி மேலே ஏற்றினோம்.

நான் சரியாக எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும்? வரைபடம் முன்பே முடிந்துவிட்டது, எப்படியும் தூக்கியெறிந்திருப்பார்கள் என்கிறார் உங்கள் தம்பி. இருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்ப்போம் என்று எழுதிய தாளுக்குக் கீழே சரோஜா கையொப்பம் வைத்திருக்க மாட்டாள். மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் இருந்தது. அதை எடுத்தது அந்தக் காரியாலயம் இல்லை. நான்.

சரோஜாவுக்குப் பிறகு இன்னும் ஐந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன். சங்கச் செயலாளர் என்னைப் பேசவே விடாமல் கதவைச் சாத்தினார். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. லூர்து இப்போது பதினோராம் மாடியில் இருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"பத்மா அக்கா சொன்னதுன்னு நினைச்சுத்தான் நான் கையெழுத்து வச்சேன். அவங்க பொய் சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ரெண்டு வருஷமா அவங்கள என் வாயால திட்டாத நாளில்ல. சாவுக்குக் கூடப் போகல. இப்ப வந்து சொல்றீங்க. இனி நான் யார்கிட்டப் போய் என்னத்தச் சொல்றது?"

உங்களிடம் அதற்குப் பதில் இருந்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை.

இன்னும் முப்பத்தைந்து வீடு இருக்கிறது. இதனால் ஒருவரும் ஒரு மாடிகூடக் கீழே இறங்கி வரப்போவதில்லை. யாரிடமும் மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டால், எல்லாம் இழந்தவர்களிடம் இன்னும் ஒன்றைத் தா என்று கை நீட்டுவதாகிவிடும். ஆனால் முப்பத்தைந்து கதவையும் தட்டுவேன், மச்சாள். என் பெயரைச் சொல்லி, எழுதியது நான், பத்மா இல்லை என்று சொல்வேன். அவர்கள் இனித் திட்டுகிற திட்டு சரியான ஆளுக்கு வந்து சேரட்டும். வியாழக்கிழமைகளில் கதிரையின் ஒரு பக்கத்தைப் பிடிப்பேன், கை நழுவாமல்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்ன,
உங்கள் தம்பியின் மனைவி,
உங்கள் மச்சாள் சுகந்தி